கிளெமென்ட் ஆர்கெஸ்ட்ரா அமைக்கிறார்

மனிதர்களில் ஆயத்தக்காரர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது. இவர்களைச் சோம்பேறிகளோடு சேர்த்துவிடாதீர்கள். சோம்பேறிக்கு ஓய்வு என்று ஒன்று கிடைக்கும், இவர்களுக்கு அதுவும் கிடையாது. ஒரு காரியத்தைத் தொடங்குவதற்கு முன்னால் செய்யவேண்டியவை எத்தனை உண்டோ அத்தனையையும் செய்வார்கள். அந்தப் பட்டியல் தீர்ந்துவிட்டால் இன்னொரு பட்டியல் எழுதுவார்கள். எழுதுவதற்கு நல்ல பேனா இல்லையென்றால் எந்தப் பேனா நல்லது என்று ஆறு வீடியோ பார்ப்பார்கள். காரியமா? அது எங்கே ஓடிப்போகிறது, நிதானமாகச் செய்துகொள்ளலாம்.

இந்த இனத்தின் அப்பழுக்கில்லாத மாதிரி ஒன்றை நேரில் பார்க்க ஆசையிருந்தால் ஜோகுபாளையத்துக்கு வாருங்கள். சந்துக்குள் மூன்றாவது வீடு, மாடி. பெயர் கிளெமென்ட், வயது முப்பத்து நான்கு, பகலில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேரைச் சோதித்துப் பிழை கண்டுபிடிக்கும் உத்தியோகம், மற்ற நேரங்களில் இசையமைப்பாளர். இதுவரை எத்தனை பாட்டுக்கு இசையமைத்திருக்கிறார் என்று கேட்பது நாகரிகமில்லை.

ஈஸ்டர் முடிந்த வாரத்தில் அவருடைய தங்கை லீனாவுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. கேக் வெட்டியாயிற்று, இரண்டு வீட்டாரும் பிரியாணிக்கு உட்காரப் போகிறார்கள், அந்த நேரம் பார்த்து கிளெமென்ட் எழுந்து நின்றார்.

“நவம்பர்ல லீனா கோயிலுக்குள்ள நடந்து வர்றப்போ எல்லார் கல்யாணத்துலயும் போடற அந்தப் பழைய ட்யூன் வேணாம். நானே எழுதறேன். ஃபுல் ஆர்கெஸ்ட்ரா. மூணே நிமிஷம்தான், ஆனா லைஃப்ல மறக்க மாட்டீங்க.”

எல்லோரும் கை தட்டினார்கள். லீனா அண்ணனை நம்பினாள். நம்பியதோடு நிற்காமல், கோயிலில் ஆர்கன் வாசிப்பவரை வேண்டாம் என்று சொல்லி, மாமியார் வீட்டில் பெருமையடித்து, திருப்பலிக்கு அச்சடித்த சின்னப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ‘வருகை இசை: மணமகளின் அண்ணன் கிளெமென்ட்’ என்று போட்டும்விட்டாள். பாவம், அவளுக்கு இந்த இனத்தைப் பற்றி அப்போது தெரியாது.

ஆர்கெஸ்ட்ரா என்றதும் அறுபது பேர் கோட்டு மாட்டிக்கொண்டு ஜோகுபாளையத்துக்கு வருவார்கள் என்று நினைக்கிறீர்களா? இப்போது அதற்கு சாம்ப்ளர் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. எங்கோ ஒரு தேசத்து மண்டபத்தில் வயலின்காரர்களை உட்காரவைத்து, ஒவ்வொரு சுரத்தையும் மெதுவாக, பலமாக, இழுத்து, வெட்டி என்று தனித்தனியாகப் பதிவுசெய்து, லைப்ரரி என்ற பெயரில் விற்கிறார்கள். நீங்கள் இங்கே கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால் அந்த வயலின்கள் உங்கள் அறையில் ஒலிக்கும். ஒரு பாட்டு எழுத ஒரு லைப்ரரி போதுமே என்று நீங்கள் கேட்டால் கிளெமென்ட் உங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார்.

மே மாதம் வாங்கிய வயலின் இனிமையாக இருந்தது, ஆனால் சோம்பலாகக் கிளம்பியது. அடுத்தது சுறுசுறுப்பாகக் கிளம்பியது, ஆனால் பல் கூசியது. மூன்றாவதில் குறையே இல்லை என்பதுதான் குறை. மனிதர்கள் வாசிப்பதுபோலவே இல்லையாம். ஜூன் முழுவதும், மைக்கைப் பக்கத்தில் வைத்துப் பதிந்த ஒலியா, மண்டபத்தின் கடைசி வரிசையில் வைத்துப் பதிந்த ஒலியா என்ற விசாரணை நடந்தது. ஜூலையில் ஹார்ட் டிஸ்க் நிறைந்தது. ஆகஸ்டில் புது டிஸ்க் வந்தது. செப்டம்பரில் பழைய டிஸ்க்கில் இருந்ததையெல்லாம் புதியதற்கு மாற்றினார், பிறகு புதியதன் வேகத்தில் சந்தேகம் வந்து பாதியைத் திரும்பப் பழையதற்கே மாற்றினார். யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: “வயலின் செட் ஆயிடுச்சுன்னா மீதி தானா ஓடிரும்.”

எந்த லைப்ரரி வந்தாலும் அதைச் சோதிக்க ஒரு மெட்டு வைத்திருந்தார். நிச்சயதார்த்தத்துக்கு மறுநாளே, லீனா கோயிலுக்குள் நடந்து வருவதை நினைத்துக்கொண்டு கட்டையில் கை வைத்ததும் தானாக வந்த மெட்டு அது. இருபது விநாடிதான். மெல்ல ஏறி, ஓரிடத்தில் தயங்கி, பிறகு மனசு சமாதானமானதுபோல இறங்கி வரும். அதையே தினம் நாற்பது தடவை வாசித்தார். தாயார் டோரதி மீன் கழுவும்போது அதை முனகினார். தகப்பனார் ஆம்ப்ரோஸ் ஷேவ் செய்யும்போது முனகினார். மெட்டு தயங்கும் இடத்தில் அவர் கையில் பிளேடும் தயங்கியது.

“நல்லாருக்கேடா, அதுதான் லீனாவுக்கா?” என்று டோரதி ஒருநாள் கேட்டார்.

“அய்யோ மம்மி, அது ட்யூன் இல்ல. டெஸ்ட்டு.”

கீழ்வீட்டில் ஓஸ்வால்ட் இருந்தார். பேங்க் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், கோயில் பாடகர் குழுவில் நிஜ வயலின் வாசிப்பவர். அக்டோபரில் ஒரு மாலை கிளெமென்ட் இறங்கிப் போய் அவர் கதவைத் தட்டினார்.

“அங்கிள், ஒரு அரைமணி நேரம் வாசிக்காம இருக்க முடியுமா? மேல வயலின் செக் பண்றேன். உங்க வயலின் டிஸ்டர்பன்ஸா இருக்கு.”

“அப்படியா. உன்னுது என்னா வயலின்பா?”

“புதுசா ஒண்ணு வந்திருக்கு அங்கிள். வில்லு உரசற சத்தம், ஆளு மூச்சு விடற சத்தம், உக்காந்திருக்கிற நாற்காலி சத்தம் எல்லாமே பதிஞ்சிருக்காங்க. அப்படியே நெஜமா இருக்கு. அந்த நாற்காலிதான் கொஞ்சம் நேச்சுரலா வரல.”

ஓஸ்வால்ட் வயலினைப் பெட்டியில் வைத்துவிட்டு எழுந்தார். அவருடைய நாற்காலி கிரீச்சென்றது. கிளெமென்ட் அதைக் கவனிக்காமல் மாடியேறிவிட்டார்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தபோது லீனா அறைக்குள் வந்து நின்றாள்.

“ணா, பாட்டைப் போடேன். எந்த ஸ்பீடுல நடக்கணும்னு பாத்துக்கணும். ஹீல்ஸ் வேற.”

கிளெமென்ட் உற்சாகமாகத் திரையைத் திருப்பினார். இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள். வயலின்களுக்கு மாம்பழ மஞ்சள், குழல்களுக்கு இளம்பச்சை, பித்தளை வாத்தியங்களுக்குச் செங்கல் நிறம், ஒவ்வொன்றுக்கும் பெயர், எண், ஒலி அளவு, எதிரொலி. மேலே ‘லீனா என்ட்ரி ஃபைனல் 14’ என்று இருந்தது. அவளுக்கே கண் விரிந்தது. கை நீட்டிப் பிளே பட்டனை அழுத்தினாள்.

கோடு இடமிருந்து வலமாக நகர்ந்தது. ஒரு சத்தமும் வரவில்லை.

“ஸ்பீக்கர் ஆஃபா?”

“இல்ல. இன்னும் நோட்ஸ் போடல. அது லாஸ்ட் ஸ்டெப். ஸ்வல்ப டைம் குடு லீனா, செட்டப் முடிஞ்சிருச்சு பாரு, இனிமே ஒரே நாள் வேலை.”

லீனா கோடு முடிகிற வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். திட்டியிருந்தால் கிளெமென்ட்டுக்குப் பரவாயில்லை. அவள் அழுதது அவரை உண்மையாகவே சுட்டது. அன்றைக்கே எழுதிவிடுவது என்று முடிவு செய்தார். முதலில் எழுத வசதியாக மேசையின் உயரத்தைச் சரிசெய்தார்.

கல்யாணத்துக்கு முதல்நாள் காலையில், புது அப்டேட் வந்திருப்பதாக சாம்ப்ளர் அறிவித்தது. மறுநாள் காரியத்தை வைத்துக்கொண்டு யாராவது அதைத் தொடுவார்களா? ஆயத்தக்காரர் தொடுவார். தொட்டார். அப்டேட் முடிந்ததும் ஒரு வாத்தியத்தையும் காணோம். எந்த டிஸ்க்கில், எந்த ஃபோல்டரில் இருக்கின்றன என்று சாம்ப்ளருக்குத் தெரியவில்லை, பாதி பாதியாக மாற்றி வைத்தவருக்கும் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை பத்தரைக்கு, கோட்டு சூட்டோடு, கோயிலில் ஸ்பீக்கர் பக்கத்தில் லேப்டாப்பையும் கீபோர்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாத்தியங்கள் ஏறிவிட்டால் கையாலேயே எதையாவது வாசித்துச் சமாளித்துவிடலாம். அவற்றைத் தேடி சாம்ப்ளர் இரண்டு டிஸ்க்கையும் இன்னும் துழாவிக்கொண்டிருந்தது. திரையில் எழுபத்தொரு சதவீதம். வாசலில் ஆம்ப்ரோஸின் கையைப் பிடித்துக்கொண்டு லீனா நின்றாள். பாதிரியார் கிளெமென்ட்டைப் பார்த்தார். அந்தச் சின்னப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு முந்நூறு பேரும் கிளெமென்ட்டைப் பார்த்தார்கள். எழுபத்திரண்டு. கழுத்துப் பட்டைக்குள் வியர்வை இறங்கியது.

அப்போது பாடகர் குழுவின் பக்கம் ஒரு நாற்காலி கிரீச்சென்றது. ஓஸ்வால்ட் வயலினைத் தோளில் வைத்து வாசிக்கத் தொடங்கினார்.

எங்கேயோ கேட்ட மெட்டாக இருக்கிறதே என்று கிளெமென்ட் நினைத்தார். மெல்ல ஏறி, ஓரிடத்தில் தயங்கியபோது, லீனாவும் ஆம்ப்ரோஸும் கால் வைக்காமல் நின்றார்கள், இறங்கியபோது நடந்தார்கள். இரண்டாம் சுற்றில் பாடகர் குழு சேர்ந்துகொண்டது. முன்வரிசையில் டோரதியும் முனகினார். மூன்றாம் சுற்றில்தான் அது தன்னுடைய மெட்டு என்று கிளெமென்ட்டுக்குப் புரிந்தது. ஏழு மாதம் தன் கைக்குள்ளேயே இருந்ததை நினைத்து வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன. திரையில் எழுபத்து நான்கு.

பூசை முடிந்து ஹாலில் லீனா அவரைக் கட்டிக்கொண்டாள்.

“அன்னிக்கு உன் ரூம்லேருந்து நேரா அங்கிள்கிட்டதான் போனேன், உன்னுது ரெடியாகலைன்னா நீங்க வாசிங்கன்னு. பத்து நாளா கொயரோட ப்ராக்டிஸ். அவருக்கு நோட்ஸ்கூட வேணாம், சீலிங்லேருந்தே கேட்டு மனப்பாடமாம்.” அவருடைய கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: “நீ ஏப்ரல்லயே எழுதி முடிச்சிட்டே, ணா. உனக்குத்தான் தெரியல.”

கிளெமென்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனிதன் திருந்துகிற நேரம் இது என்று நினைக்கிறீர்கள் அல்லவா? அவர் நேராக ஓஸ்வால்டைத் தேடிப் போனார்.

“அங்கிள், தேங்க்ஸ். அப்புறம் ஒரு சின்ன ஹெல்ப். உங்க வயலின்ல ஒவ்வொரு நோட்டையும் தனித்தனியா வாசிச்சுக் குடுங்க, நான் பதிஞ்சுக்கறேன். மெதுவா ஒண்ணு, மீடியமா ஒண்ணு, பலமா ஒண்ணு. ஒவ்வொண்ணும் நாலு தடவை. அந்த நாற்காலியிலயே உக்காந்து.”

“எதுக்குப்பா?”

“லீனாவுக்குக் குழந்தை பிறந்தா ஞானஸ்நானத்துக்கு நான்தானே பாட்டு எழுதணும். இப்பவே செட்டப் பண்ணி வெச்சுட்டா நல்லது.”

ஓஸ்வால்ட் பிரியாணித் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டார்.

சிரித்துவிட்டீர்களா? சிரியுங்கள். நீங்கள் ஒன்றும் வயலின் வாங்கப் போவதில்லை. புதிதாக வாங்கிய அந்த நோட்டு அலமாரியில் இருப்பது எழுதுவதற்கு நல்ல நாள் பார்த்துக்கொண்டிருப்பதால்தான். வாக்கிங் ஷூ பெட்டியிலேயே இருப்பது மழைக்காலம் என்பதால்தான். எதற்கும் ஒருமுறை உங்கள் வீட்டில் யாராவது, மீன் கழுவும்போதோ ஷேவ் செய்யும்போதோ, நீங்கள் இன்னும் தொடங்காத காரியத்தை முனகிக்கொண்டிருக்கிறார்களா என்று காது கொடுத்துக் கேளுங்கள். அதற்கென்று தனியாக ஹெட்போன் பார்க்க வேண்டாம்.