மான் கொண்டுபோன மாலை

திருகோணமலையில் கண்ணாடிச் சாமானை வேண்டுமென்றே நிலத்தில் போட்டு வியாபாரம் நடத்தியவர் ஒருவர்தான். அவர் மணியக்கா. சொந்தப் பெயர் பார்சல்களில் அனுப்புநர் இடத்தில் இருக்கும். தினமும் அதை வாசிக்கிற நானே ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

உட்துறைமுக வீதியில் ஒரு பார்சல் கந்தோரில் எனக்கு வேலை. மணியக்கா வீட்டில் கண்ணாடிக் குச்சிகளை நெருப்பில் உருக்கி, கம்பியில் சுற்றி மணி செய்து, பேஸ்புக்கில் விற்பார். பெட்டியோடு வந்தால் கவுண்டரில் வைக்கமாட்டார். தலைக்கு மேலே தூக்கி, சீமெந்து நிலத்தில் டமார் என்று விடுவார். பிறகு காதில் வைத்துக் குலுக்குவார்.

"உங்கட ஆக்கள் வழியில இதைத்தானே செய்யப்போறாங்கள். நான் முதலே செய்து பாக்கிறன், தம்பி."

வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். எங்கள் முகாமையாளர் சிரிக்கமாட்டார்.

படம் எடுப்பதிலும் அவருக்கு ஒரு சட்டம். மணி உயிருள்ள உடம்பில் கிடக்க வேண்டும். மீன்காரரின் கழுத்து, என் மணிக்கட்டு, அடுத்த வீட்டு ஆடு எல்லாம் அவருடைய பேஸ்புக் பக்கத்தில் வந்துபோயின.

போன வருடம் கனடாவிலிருந்து ஒரு பெண் தங்கையின் கலியாணத்துக்கு நீல மாலை ஒன்று கேட்டுக் காசும் கட்டிவிட்டார். அனுப்பமுன் படமெடுக்க மணியக்கா கோட்டைப் பக்கம் போனார். அங்கே மான்கள் ஆடுமாடு மாதிரித் திரியும். படுத்திருந்த ஒன்றின் கொம்பில் மாலையைக் கொழுவிவிட்டுப் போனைத் தூக்கினால், போனில் இடமில்லை. பழைய படங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு நிற்க, மான் எழும்பிப் போய்விட்டது.

அக்கா உள்ளதை எழுதினார்: "தங்கச்சி, உங்கட மாலையை மான் கொண்டுபோட்டுது."

அந்தப் பெண் எல்லோரும் பார்க்க 'ஏமாற்றுக்காரி' என்று அக்காவின் பக்கத்தில் போட்டுவிட்டார். காசைத் திருப்பி அனுப்பியும் அழிக்கவில்லை. அந்தக் கிழமையே இரண்டு பேர் ஓடரை நிற்பாட்டினார்கள். மணியக்கா வந்து பெட்டியை மெதுவாகக் கவுண்டரில் வைத்தார். எனக்கே ஒரு மாதிரிப் போய்விட்டது.

"துலைஞ்சுபோச்செண்டு சொல்லியிருக்கலாமே, அக்கா?"

"ஏன் சொல்லோணும்? மான்தானே கொண்டுபோனது. காசு போனால் போகட்டும், பொய்க்காரியெண்டு இருக்க ஏலாது. உங்கட போனில இடம் இருக்கோ?"

"ஓம்" என்று சொன்னதுதான் நான் விட்ட பிழை. மூன்று நாள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், வாழைப்பழச் சீப்போடு மான்களுக்குப் பின்னால் அலைந்தோம். பழத்தைத் தின்ற மான்களிடம் மாலை இல்லை. மூன்றாம் நாள் ஒரு மதில் நிழலில், காட்போட் பெட்டி ஒன்றைச் சப்பிக்கொண்டு நின்றார் எங்கள் ஆள். கொம்பில் நீல மாலை.

"அசையாதேங்கோ, ராசா" என்று மானுக்குச் சொல்லிவிட்டு, அக்கா என் கமராவைப் பார்த்தார். "தங்கச்சி, இவர்தான் ஆள். மாலையும் இருக்கு. வேணுமெண்டால் வந்து கேட்டு வாங்குங்கோ."

அந்த வீடியோ பக்கத்தில் ஏறியதும், கனடாப் பெண் தான் எழுதியதை அழித்து, மன்னிப்பும் கேட்டார். கலியாணத்துக்கு வேறொரு நீல மாலை போனது. அதை மட்டும் அக்கா இரண்டு தரம் நிலத்தில் போட்டுப் பார்த்தார். வீடியோ பார்த்தவர்கள் மான் போட்ட மாலை கிடைக்குமா என்று வரிசையாகக் கேட்டார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்: "அவர் இப்ப வேலைக்கு வாறேல்லை."

இந்த வருடம் எனக்கு டெங்கு வந்தது. கந்தோரில் எனக்குப் பதிலாக வேறொருவரைப் போட்டிருந்தார்கள். வார்ட்டில் படுத்தபடி மணியக்காவின் பக்கத்தைத் திறந்தேன். "பார்சல் தம்பிக்குச் சுகமில்லை. அவர் எழும்பி வருமட்டும் ஒண்டும் அனுப்ப ஏலாது. அவசரமெண்டால் வேற இடத்தில வாங்குங்கோ" என்று எழுதியிருந்தார்.

வீட்டுக்கு விடும்போது ஒரு கிழமை, முழுசாக ஏழு நாள், ஓய்வு எடுக்கச் சொன்னார் டொக்டர். நான் நாலாம் நாளே வேலைக்குப் போய்விட்டேன்.