தாய்மாமன் காருக்கு இரட்டை ஃபேன்

டாஷ்போர்டில் எஞ்சின் சூட்டைக் காட்டும் ஊசி சிவப்புக் கோட்டைத் தொட்டதும் கணேசமூர்த்தி காரை ஓரங்கட்டினார். சாவியைத் திருகி எஞ்சினை நிறுத்திவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"மறுபடியுமா?" என்றாள் மனைவி உமா மகேஸ்வரி.

பின்சீட்டில் குத்துவிளக்கும் பட்டுச்சேலையும் பழத்தட்டுகளும் இருந்தன. குத்துக்கல்வலசையில் தங்கை அகிலா கட்டியிருக்கும் புது வீட்டின் பால்காய்ச்சுக்கு அண்ணன் கொண்டுபோகும் சீர். இன்னும் கொஞ்ச தூரம் போனால் வாசலில் கட்டிய வாழைமரம் தெரிந்துவிடும்.

"வண்டி சூடாயிட்டு. ஆறட்டும்."

"பானெட்டத் தெறந்துதான் பாருங்களேன்."

"தெறக்கவா? மூஞ்சி வெந்துரும்! ரேடியேட்டர்னா என்னன்னு நெனச்ச?"

கணேசமூர்த்திக்குப் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை. தக்காளி அழுகினாலும் கலங்காத மனிதர். ஆனால் அந்தச் சிவப்புக் காரின் மேல் மட்டும் அவருக்கு உயிர். இருபது வருஷத்துக்கு முந்திய ஸ்போர்ட்ஸ் மாடல். மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். வாங்கின நாள் முதல் ஒரு தடவைகூட எஞ்சினைக் கொதிக்கவிட்டதில்லை என்பது அவருடைய பெருமை. கொதிப்பதற்கு முன்பே நிறுத்திவிடுவார். ஆறும்வரை பானெட்டைத் தொடமாட்டார், மற்றவர்களையும் தொடவிடமாட்டார்.

அன்றும் ஆற அமரக் காத்திருந்துதான் பானெட்டைத் திறந்தார். உள்ளே தொட்டுப் பார்த்தால் குளிர்ந்திருந்தது.

"பாத்தியா, பொறுமைக்குப் பலன்," என்றார்.

பொறுமை இல்லாதது பால்தான். அவர்கள் போய்ச் சேர்வதற்குள் அது பொங்கி, ஆறி, ஆடையும் கட்டியிருந்தது. அகிலா வாசலிலேயே நின்றாள்.

"பால் பொங்கையில எல்லாரும் ஒங்க அண்ணன் எங்க, ஒங்க அண்ணன் எங்கன்னு கேட்டாவ. நான் என்னத்தச் சொல்ல? ரோட்டுல வண்டிக்கு விசிறிக்கிட்டு இருக்கான்னு சொல்லவா?"

"தாயி, எஞ்சின் போயிருக்கும்..."

"கார்தான் ஒனக்குக் கூடப்பொறந்ததுன்னா, சீரையும் அதுக்கே குடுத்துரு."

அவ்வளவுதான். அன்றோடு பேச்சு நின்றது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளைப் படிக்க வைத்து, கட்டிக்கொடுத்து, இதே காரில்தான் புருஷன் வீட்டில் கொண்டுபோய் விட்டார். அந்தத் தங்கை இப்போது போனை எடுப்பதில்லை. கணேசமூர்த்திக்குச் சோறு இறங்கவில்லை. இந்தச் சூட்டுக்கு ஒரு முடிவு கட்டாமல் ஓய்வதில்லை என்று தென்காசிக்கு வண்டியை விட்டார்.

அங்கே ஹம்தான் ஒர்க்ஷாப் வைத்திருந்தான். ஷார்ஜாவில் பல வருஷம் பந்தயக் கார்களுக்கு வேலை பார்த்துவிட்டு வந்தவன். கெட்டிக்காரன்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் பாலைவனத்தில் வேலை பழகியதால், வண்டிக்கு என்ன வந்தாலும் அவனுக்கு அது சூட்டால்தான் வந்திருக்கும்.

"கவலய விடுங்க அண்ணாச்சி. இது அந்தக் காலத்து ஃபேன். காத்தே இழுக்காது. பெருசாப் போட்டுருவோம்."

பெருசாகப் போட்டான். கணேசமூர்த்தி சந்தோஷமாக ஊருக்குக் கிளம்பினார். முன்பு நாலைந்து மைல் ஓடிய பிறகு ஏறிய ஊசி, இப்போது தென்காசி எல்லை தாண்டுமுன்னே ஏறியது. ஓரங்கட்டி, ஆறவைத்து, திரும்பி வந்தார்.

"பெரிய ஃபேன் போட்டும் ஏறுதேடே?"

ஹம்தான் நெற்றியைச் சுருக்கி வெகுநேரம் யோசித்தான். "அப்போ சூடு நாம நெனச்சத விடப் பெருசு அண்ணாச்சி."

அந்தத் தர்க்கத்தில் கணேசமூர்த்திக்கு ஒரு ஓட்டையும் தென்படவில்லை.

செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் அடிபட்டுக் கிடந்த ஒரு பெரிய வெளிநாட்டு வண்டியிலிருந்து இரட்டை ஃபேனைக் கழற்றி வரவழைத்தார்கள். ரேடியேட்டருக்கு முன்னால் அடைத்துக்கொண்டு நின்றது அது. வீட்டு வாசலில் ஓடவிட்டதும் தெருவே திரும்பிப் பார்த்தது. மாவு மில் கிளம்பிவிட்டதென்று பக்கத்து வீட்டுக்காரி அரிசியோடு வந்து நின்றாள்.

ஃபேன் ஓடும்போது ஹாரன் அடித்தால் ஆட்டுக்குட்டி முனகுகிற மாதிரிக் கேட்டது. வைப்பர் பாதி வழியில் நின்று யோசித்துவிட்டுப் போனது.

"கரண்ட எல்லாம் ஃபேன் இழுக்குது அண்ணாச்சி. நல்ல ஃபேன்னா அப்படித்தான் இழுக்கும்," என்றான் ஹம்தான்.

ஊசி இப்போது தெருமுனையிலேயே சிவப்பைத் தொட்டது.

இதற்குமேல் ஹம்தானுக்கும் ரோஷம் வந்துவிட்டது. எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரைத் தடுத்து வைக்கும் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிக் கடாசினான். முன்பக்கத்து கிரில்லைக் கழற்றினான். கார் பல் போன கிழவன் மாதிரி ஆயிற்று. சாவி போட்டதுமே இரட்டை ஃபேனும் ஓட டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்தான். சுவிட்சைத் தட்டியதும் ஃபேன் அலறியது, எஞ்சினைக் கிளப்புமுன்பே ஊசியும் துள்ளி ஏறியது.

கணேசமூர்த்தி கண்களை மூடிக்கொண்டார்.

"ஏங்க, ஒரு தடவ அந்த ஃபேன அமத்திட்டு ஓட்டிப் பாத்தா என்ன?" என்று கேட்டாள் உமா மகேஸ்வரி.

"நீ பொம்பளதானா? ஐ.சி.யு.வுல கெடக்கவன் மூக்குல இருந்து குழாயப் புடுங்கச் சொல்லுதியே!"

அவள் அதோடு வாயை மூடிக்கொண்டாள். கல்யாணமான பெண்களுக்கு அது ஒரு பழக்கம்.

ஆனி பிறந்தது. அகிலாவின் புருஷன் நம்பிராஜன் வெற்றிலை பாக்கோடு கடைக்கு வந்தான். நல்ல பிள்ளை. இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு விழிக்கிறவன்.

"பாப்பாவுக்குக் காது குத்துதோம் மச்சான். குத்தாலத்துல, கோயில் மண்டபத்துல வச்சு. அவ பேச மாட்டேங்கா. ஆனா தாய்மாமன் மடி இல்லாமக் காது குத்த முடியுமா? நீங்க வந்துருங்க."

"வராம இருப்பனா மாப்ள?"

நம்பிராஜன் தயங்கினான். "ஒரு விசயம். நேரம் தப்பிச்சுன்னா எங்க சித்தப்பா மடியில வச்சிருவாவளாம். அப்படி ஆயிட்டுன்னா, பொறவு அண்ணன்னு ஒருத்தன் இருந்தான்னே நெனக்க மாட்டாளாம். சொல்லிட்டு வரச் சொன்னா."

கணேசமூர்த்தி வெற்றிலை பாக்கை வாங்கிக் கல்லாப்பெட்டிக்குள் பத்திரமாக வைத்தார்.

அன்று ராத்திரி உமா மகேஸ்வரி மெதுவாக ஆரம்பித்தாள். "ஒரு ஆட்டோ புடிச்சுப் போயிருவோமே. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"ஆட்டோவுல போயி எறங்குனா என்ன நெனப்பா? பால்காய்ச்சுக்கு இந்த வண்டியாலதான் நேரத்துக்கு வரலைன்னேன். இப்ப அது இல்லாமப் போனா, அன்னைக்கும் ஆட்டோவுல வந்திருக்கலாம்லான்னு கேப்பாளே. அவள வழியனுப்புன வண்டில்லா இது. மருமவளுக்குக் கம்மலும் இதுலதான் போவும்."

ரோஷம் வந்தால் புத்தி வீட்டில் தங்காது, தெருவிலே போய்விடும். உமா மகேஸ்வரி விளக்கை அணைத்தாள்.

காதுகுத்தன்று காலையிலேயே சாரல். மேற்கே மலை மொத்தமும் மேகத்துக்குள் இருந்தது. கணேசமூர்த்தி பட்டு வேட்டியோடு உட்கார்ந்து, சாமியைக் கும்பிட்டு, சுவிட்சைத் தட்டினார். இரட்டை ஃபேன் அலறியது. இருட்டுக்கு ஹெட்லைட்டைப் போட்டார், சாரலுக்கு வைப்பரைப் போட்டார். ஊசி பாவூர்சத்திரத்தைத் தாண்டும்போதே சிவப்பின் நடுவில் நின்றது.

"நிறுத்தி ஆறவச்சா நேரம் இருக்குமா?" என்று கேட்டார். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

உமா மகேஸ்வரி மடியில் இருந்த சின்னப் பெட்டியைத் திறந்தாள். பச்சைக் கல் வைத்த கம்மல் இரண்டு, கடுகு மாதிரி. கணேசமூர்த்தி ஆசாரி பக்கத்திலேயே உட்கார்ந்து செய்யவைத்தது.

தென்காசிக்குள் நுழையும்போது அவளுடைய போன் அடித்தது. நம்பிராஜன்.

"அக்கா, எங்கன வாரிய? ஆசாரி ஊசியக் கையில எடுத்துட்டாரு. சித்தப்பா மண்டபத்துல மடி விரிச்சு ஒக்காந்துட்டாவ!"

காரின் ஊசி கடைசிக் கோட்டில் முட்டிக்கொண்டு நின்றது. இதற்குமேல் ஏற இடமில்லை. கணேசமூர்த்தியின் கால் பிரேக்கின் மேல் போனது. இருபது வருஷப் பழக்கம். இடது பக்கம் நிறுத்த வசதியாக வேப்பமரத்தடியும் இருந்தது.

அவர் மரத்தைப் பார்த்தார். கம்மலைப் பார்த்தார். யாரோ ஒரு சித்தப்பாவின் மடியில் பிள்ளை அழுவதை நினைத்துப் பார்த்தார்.

"வெந்தா வேகட்டும்," என்றார்.

ஆக்ஸிலேட்டரை மிதித்தார். கார் பாய்ந்தது. உமா மகேஸ்வரி ஒரு கையால் கதவையும் மறு கையால் கம்மல் பெட்டியையும் பிடித்துக்கொண்டாள். குற்றாலம் ரோட்டில் குளிக்கப் போகிற வேன்களை எல்லாம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு அந்தப் பழைய கார் பறந்தது. எவ்வளவு காலமாயிற்று அது அப்படி ஓடி! கணேசமூர்த்தியின் கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. "மன்னிச்சிக்கோடா, மன்னிச்சிக்கோ," என்று ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே ஓட்டினார். எஞ்சின் உள்ளே உருகிக்கொண்டிருப்பது அவருக்கு நெஞ்சிலே தெரிந்தது.

குற்றாலத்தில் சாரல் விட்டிருந்தது. கார் நிறுத்துமிடத்தில், அப்போதுதான் வந்து நின்ற ஒரு வேனுக்குப் பக்கத்தில் காரை விட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

"எந்திரிங்க சித்தப்பா!" என்ற நம்பிராஜனின் சத்தம்தான் முதலில் கேட்டது. சித்தப்பா எழுந்தார். கணேசமூர்த்தி மூச்சு வாங்க உட்கார்ந்தார். பிள்ளையை மடியில் வைத்தார்கள். ஆசாரி கண்மூடித் திறப்பதற்குள் இரண்டு காதையும் குத்திக் கம்மலைத் திருகிவிட்டார். பிள்ளை கூரை அதிர அழுதது. மாமனும் கூடச் சேர்ந்து அழுதார்.

அகிலா பக்கத்தில் வந்து குனிந்தாள். மாதக் கணக்கில் பேசாதவள் பேசினாள்.

"ஏண்ணே இப்படி அழுத?"

"வண்டியக் கொன்னுட்டேன் தாயி. ஊசி மேல முட்டிட்டு. நிறுத்தல. இருவது வருசமா ஒரு தடவ கொதிக்க விட்டதில்ல... நீ பெருசா அது பெருசான்னு வந்தப்ப..."

 அகிலாவின் முகம் உடைந்தது. மண்டபம் நிறைந்த சனத்துக்கு நடுவில் அண்ணனின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"எனக்காகவா? எனக்காகவா வண்டிய விட்ட? நான் ஒரு பாவி. ஒன்னையப் போயி வாசல்ல வச்சுப் பேசுனேனே."

விஷயம் பந்திவரை பரவியது. பாதி இலையில் எழுந்து வந்தார்கள். எல்லாரும் கடைசியாக ஒரு தடவை காரைப் பார்க்கக் கிளம்பினார்கள். வெளியே வெயில் தலைகாட்டியிருந்தது. முன்னால் கணேசமூர்த்தி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அகிலா, பின்னால் உறவுக்கூட்டம். யாரும் சிரிக்கவில்லை. சித்தப்பாகூடத் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"கிட்டப் போவாதீய! வெடிச்சாலும் வெடிக்கும்!" என்று கணேசமூர்த்தி கையை விரித்துத் தடுத்தார். கூட்டம் தள்ளி வட்டமாக நின்றது.

காரின் பானெட் மேல் யாரோ ஒரு ஈரச் சேலையை விரித்திருந்தார்கள். அருவியில் குளித்துவிட்டு வந்த ஒரு அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராகக் காரிடம் போனாள்.

"தொடாதீயம்மா! கை வெந்துரும்!" என்று கத்தினார் கணேசமூர்த்தி.

அந்த அம்மாள் உள்ளங்கையைப் பானெட்டில் அழுத்தி வைத்துப் பார்த்துவிட்டு, சலிப்போடு சேலையைச் சுருட்டினாள்.

"எஞ்சின் சூட்டுக்குக் காஞ்சிரும்னு நீங்க எறங்கி ஓடுன ஒடனே விரிச்சுப் போட்டேன் அண்ணாச்சி. அந்தா, ஒங்க கூடவே வந்த வேன் பானெட்டு மேல போட்ட சேல அப்பவே காஞ்சிட்டு, இது இன்னும் சொட்டுது. பானெட்டு ஐஸால்லா கெடக்கு, ஊருல இருந்து தள்ளிக்கிட்டா வந்திய?"