மேகம் போர்த்திய ஞாயிறு

ஞாயிறு என்றால் சூரியன். ஞாயிறு என்றால் விடுமுறை. இரண்டையும் சேர்த்து, பட்டப்பகலில் ஏசி போட்டு நிம்மதியாகத் தூங்கத்தான் மொட்டைமாடியில் சோலார் பேனல் வைத்தேன். பேசாமல் தூங்கியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? மனைவியைக் கூப்பிட்டுச் சட்டம் போட்டேன்.

"இதோ பாரு, வெயில் கரண்ட்டு வீணாகக் கூடாது. வாஷிங் மெஷின், அயர்ன் பாக்ஸ் எல்லாம் பதினொண்ணுல இருந்து ரெண்டுக்குள்ளதான். வெளிக் கரண்ட்டைத் தொடவே கூடாது!"

"சரிங்க" என்றாள். அவள் உடனே சரி சொன்னபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஞாயிறு பதினோரு மணி. படுத்தேன். கால்மாட்டில் ஒரு வாரத்துத் துணி மலையாக வந்து விழுந்தது.

"என்னடி இது?"

"வார நாள்ல அந்த நேரத்துக்கு ரெண்டு பேரும் ஆபீஸ்ல. இன்னிக்குத்தானே வெயிலும் இருக்கு, நீங்களும் இருக்கீங்க? துவைச்சு அயர்ன் பண்ணிடுங்க."

"அப்போ நீ?"

"நான் மீட்டரைப் பார்த்துக்கறேன். வெளிக் கரண்ட்டு வந்துடக் கூடாதில்ல? ஏசியை அணைங்க, எல்லாத்துக்கும் தாங்காது."

மூன்று ஞாயிறு தேய்த்தேன். சட்டையையும், என்னையும். நாலாவது ஞாயிறு மூளை வேலை செய்தது. நைசாக மாடிக்குப் போய், பேனல்கள் மேல் வீட்டிலிருந்த போர்வைகளையெல்லாம் போர்த்தினேன். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இறங்கினேன்.

"மேகம் மூடிடுச்சும்மா. மெஷின் போட முடியாது. சட்டம்னா சட்டம்தான்."

படுத்து ஒரு கண்ணை மூடியிருப்பேன். பக்கத்து மாடியிலிருந்து ரிட்டையர்டு சர்வேயரின் குரல்.

"ஏம்மா, உங்க பேனலுக்குக் குளிர் ஜுரமா? இழுத்துப் போர்த்திட்டுக் கிடக்கே!"

பாவி மனுஷன்! நிலத்தை அளந்தது போதாதென்று என் மாடியையும் அளக்கிறார். மனைவி என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். சிரித்தாள்.

"மேகம்னா என்னங்க பண்றது? கைக்குக் கரண்ட்டு வேணாமே." வாளியை நீட்டினாள்.

மேகத்தைக் கொண்டுவந்தவனே நான். எந்த வாயால் மறுப்பது? இடுப்பு ஒடியத் துவைத்தேன், அலசினேன், பிழிந்தேன். இரண்டரை மணிக்கு ஈரக் கையோடு படுக்கையறைக் கதவைத் திறந்தேன். ஜில்லென்று காற்று முகத்தில் அடித்தது. கட்டிலில் என் மனைவி, நான் பேனலுக்குப் போர்த்திய போர்வைக்குள்.

"மேகம் கலைஞ்சிடுச்சுங்க" என்றாள், கண்ணைத் திறக்காமலே. "கதவைச் சாத்திட்டுப் போங்க, குளிர் வெளியே போகுது."