பத்து வருடத் தோள்வலி

அது எங்கள் தோள் அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு பத்தாவது வருடமா, பதினொன்றாவதா என்று எனக்கு இப்போது உறுதியில்லை. டாக்டரின் ஆய்வுக்காக அடுத்து அளக்க வேண்டிய தோள் என்னுடையது என்பதால் அதே அறையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் வந்திருந்த ஒரு பெயின்டரின் வலது கை மார்போடு நின்றுபோனது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

"இன்னும் தூக்குங்க," என்றார் டாக்டர்.

"அவ்வளவுதான் சார். மேல போனா உசிரு போகுது."

பக்கத்தில் நின்ற மனைவி உச்சுக் கொட்டினார். பெயின்டர் அவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். தோள் குணமாகி வருடக்கணக்காகிறது. அது தனக்கு மட்டுமே தெரியும் என்பது அவர் நம்பிக்கை. பரண், மின்விசிறி, ஒட்டடை என்று அண்ணாந்து செய்யும் எந்த வேலைக்கும் வீட்டில் அவரைக் கூப்பிடுவதில்லை. இன்று கை உயர்ந்தால் மானம் கப்பலேறிவிடும்.

டாக்டர் கோணத்தை அளந்தார். "எழுபது டிகிரி! எலும்புக்கு அடியில தசைநார் உரசுதுன்னு துளை போட்டுச் சரிபண்ணினோம். உங்ககூடப் பண்ணிக்கிட்ட எல்லாரும் கையைக் காதோட ஒட்டித் தூக்குறாங்க. என்ன வேலை பாக்குறீங்க?"

"பெயின்டர் சார்."

"அப்போ சீலிங்குக்கு எப்படி அடிக்கிறீங்க?"

"ஏணியில நல்லா மேல ஏறிட்டா சீலிங் மார்புக்கு நேரா வந்துரும் சார்."

"தலை?"

"குனிஞ்சுக்குவேன்."

"படாத பாடு படுறார் சார்," என்றார் மனைவி.

டாக்டரின் கண்கள் பளபளத்தன. அவருடைய ஆய்வில் அகப்பட்ட முதல் விதிவிலக்கு! "நாளைக்குக் காலையிலேயே மறுபடி திறந்துடுவோம்!"

பெயின்டர் பதறினார். "சார், சார்! இப்போ கொஞ்சம் இளகுற மாதிரி இருக்கு." கை தோள் மட்டத்துக்கு வந்தது.

டாக்டர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "நிக்குது, அப்புறம் வருது! அப்படின்னா இது நரம்பு! கழுத்துலேருந்து விரல் வரைக்கும் பன்னிரண்டு ஊசி குத்திப் பாத்துடலாம். நர்ஸ்!"

ஊசித் தட்டு வந்தது. பெயின்டரின் இரண்டு கைகளும் சீலிங்கை நோக்கிப் பாய்ந்தன. கையும் களவுமாகப் பிடிபட்ட திருடன்கூட அவ்வளவு நேராகத் தூக்கியிருக்க மாட்டான்.

 டாக்டர் மறுபடி கோணத்தை அளந்தார்.

"நூற்றியெண்பது," என்றார் டாக்டர், சொத்தை இழந்தவர்போல.

பெயின்டர் கைகளை இறக்கப் பயந்து அப்படியே திரும்பினார். "இந்தாம்மா, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு..."

மனைவி அவரைப் பார்க்கவில்லை. நர்ஸைப் பார்த்து வேண்டாம், வேண்டாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"அளந்து முடிச்சாச்சு இல்ல சார்?" என்றார் நர்ஸ். நோயாளி வீட்டிலிருந்து நிரப்பி அனுப்பும் கேள்வித்தாளை அளக்கும்வரை டாக்டர் பார்க்கக் கூடாது என்பது ஆய்வின் விதி. "இனிமே படிக்கலாம். வருஷா வருஷம் அவருக்காக இந்த அக்காதான் எழுதி அனுப்புறாங்க: 'கை சுகம். எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க. ஃபேனை மாசத்துக்கு ஒரு தடவை நான் துடைச்சுக்கிறேன். தோளுக்குக் கீழ இருக்கிற பாத்திரம், தரை, துணி எல்லாத்தையும் தினமும் அவரே பாத்துக்கிறார்.'"

டாக்டர் விதிவிலக்கு இல்லாமலே ஆய்வை எழுதி முடித்தார். என் தோளை அளக்க மறந்துவிட்டார். மனைவி சௌக்கியம். பெயின்டரும் சௌக்கியம், ஃபேனையும் இப்போது அவர்தான் துடைக்கிறார்.