முதுகு திறந்த ஆறு கவுன்கள்

அன்புக்கும் அதட்டலுக்கும் என்றும் குறைவில்லாத என் அக்காவுக்கு,

உன் ஒரே தம்பி, தையற்காரன், பணிவுடன் எழுதுவது. இங்கு நானும் உன் தம்பி மனைவியும் எங்கள் செல்ல மகள் பொத்தானும் சுகம். அங்கு உன் முழங்கை வலியும் அத்தானின் ஞாபகமறதியும் எந்த மட்டில் இருக்கின்றன என்று அறிய ஆவல். அத்தான் தொலைத்த மூக்குக்கண்ணாடி கிடைத்ததா? அவர் தலைமேல் ஒருமுறை தேடிப் பார்க்கவும்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ பேசுவாய், நான் ‘ம்’ போடுவேன். போன தடவை இருபது நிமிடம் ‘ம்’ போட்டதில் எதற்கெல்லாம் சம்மதித்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கடிதத்தில்தான் என்னால் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து நானே முடிக்க முடியும். ஆகவே முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். பொத்தானுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து இன்றோடு ஐந்து நாள். ஓடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், ஓடுகிறாள். அவ்வளவு நலம். எனவே நீ வர வேண்டாம். பெட்டி இரண்டையும் கட்டி வாசலில் வைத்திருப்பாய், பிரித்துவிடு. ஆஸ்பத்திரியில் நான் மானத்தை வாங்கினேன் என்று என் மனைவி உன்னிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அது பாதி உண்மைதான். மீதிப் பாதியையும் நானே எழுதிவிடுகிறேன்.

விஷயம் ஆரம்பித்தது போன மாதம். பொத்தான் அழுதாலும் இருமினாலும் அடிவயிற்றின் ஓரத்தில் எலுமிச்சை அளவுக்கு ஒரு வீக்கம் வந்து வந்து மறைந்தது. உடுப்பைத் தைத்தவன் நான் என்பதால் இடுப்பு எலாஸ்டிக் இறுக்கம் என்று முடிவு கட்டி மூன்று தடவை எலாஸ்டிக்கை மாற்றினேன். நாலாவது தடவை கத்தரிக்கோலை எடுத்தபோது என் மனைவி, “நீங்க ஜட்டிக்கு வைத்தியம் பாத்தது போதும், பிள்ளைக்குப் பாக்கலாம்” என்று டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனாள். குடலிறக்கமாம். உள்சுவரில் பிறவியிலேயே மூடாமல் விட்ட ஒரு சின்ன சந்து, அது வழியாகக் குடல் எட்டிப் பார்க்கிறதாம். இரண்டு தையல் போட்டு மூடிவிட்டால் சரி என்று டாக்டர் அம்மா சொன்னார். தையல் என்றதும் எனக்கு வாய் சும்மா இருக்குமா? “என்ன நூல் போடுவீங்க டாக்டர்?” என்றேன். “உள்ளே போடறது தானாவே கரைஞ்சிடுங்க” என்றார். அக்கா, கரைகிற நூலாம்! கரைகிற நூலில் நான் ஒரு பேண்டைத் தைத்துக் கொடுத்தால் வாடிக்கையாளர் என்னை எந்த நிலையில் தேடி வருவார் என்று யோசித்துப் பார். “கெட்டி நூலா ஒண்ணு நான் கொண்டு வரட்டுமா?” என்று கேட்டேன். அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். பதிலை என் மனைவி சொன்னாள், வெளியே வந்த பிறகு, நீளமாக.

அன்று சாயங்காலம் பொத்தான் என் மிஷினுக்குக் கீழே உட்கார்ந்து வெட்டுத்துணி முயலுக்கு ஊசி போட்டுக்கொண்டே, “அப்பா, எனக்கு வலிக்குமா?” என்றாள். என் வாயில் யோசிக்காமல் வந்தது: “துளிகூட வலிக்காது.” இது எங்கேயிருந்து வந்தது தெரியுமா? உன்னிடமிருந்து. எனக்கு ஆறு வயதில் தாடை கிழிந்து தையல் போட்டபோது என் காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நீ சொன்ன அதே வார்த்தை. அதை நம்பி ஏமாந்துதான் நான் டாக்டரின் கட்டைவிரலைக் கடித்தேன். முப்பது வருஷமாக நான் கடித்த கதையை ஊருக்கெல்லாம் சொல்கிறாய், நீ சொன்ன பொய்யை ஒருவரிடமும் சொன்னதில்லை. போகட்டும். அவள் அடுத்து, “நான் கண்ணைத் திறக்கும்போது நீ பக்கத்துல இருப்பியா?” என்றாள். இருப்பேன் என்றேன். “எனக்குப் பசிக்கும்போது நீயும் சாப்பிட மாட்டியா?” ஆபரேஷன் முடியும்வரை அவள் சாப்பிடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாட்டேன் என்றேன். மூன்று வாக்கு. மூன்றையும் முயல் சாட்சியாகக் கொடுத்தேன்.

ஆபரேஷன் அன்று காலை எட்டு மணிக்கு வார்டில் ஒரு கவுனைக் கொடுத்து, “திறப்பு முதுகுப்பக்கம் வரணும், மேலே ஒரு முடிச்சுப் போட்டா போதும்” என்று சொல்லிவிட்டு நர்ஸ் போய்விட்டார். போட்டுவிட்டேன். அக்கா, கழுத்திலிருந்து கீழ்வரை முதுகு பப்பரப்பே என்று திறந்து கிடக்கிறது! துணி பற்றாமல் வெட்டிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பொத்தான் இரண்டு கையாலும் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, “அப்பா, எல்லாரும் பாக்கறாங்க, எனக்கு வெக்கமா இருக்கு” என்று உதட்டைப் பிதுக்கினாள். என் சட்டைக் காலருக்கு அடியில் எப்போதும் நூல் கோத்த ஊசி ஒன்று குத்தியிருக்கும், உனக்குத்தான் தெரியுமே. கல்யாணத்தன்றுகூட இருந்தது. கை பரபரத்தது. அவளை என் பக்கம் திருப்பி நிற்க வைத்து, கழுத்திலிருந்து கீழ்வரை இரட்டை நூலில் கெட்டித் தையல் போட்டு மூடினேன். நாலே நிமிடம். தையல் வெளியே தெரியவில்லை. பொத்தான் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். பக்கத்துக் கட்டில் பையனின் அம்மா, “அண்ணே, இவனுக்கும் அப்படியே கொஞ்சம்...” என்றார். பிறகு இன்னும் இரண்டு பிள்ளைகள். அப்புறம் எதிர் வார்டிலிருந்து முழங்கால் ஆபரேஷனுக்குக் காத்திருந்த பெரியவர் ஒருவர், பின்பக்கத்தை ஒரு கையால் பொத்திக்கொண்டு இன்னொரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, “தம்பி, பெரியவங்களுக்கும் தைப்பீங்களா?” என்று நொண்டி நொண்டி வந்து சேர்ந்தார். அவர் போய் அவருடைய பக்கத்துக் கட்டில்காரரை அனுப்பிவைத்தார். மொத்தம் ஆறு கவுன். என் கடையில் ஒரே காலையில் இத்தனை வாடிக்கையாளர் வந்தது கிடையாது. குனிந்து தைத்ததில் அடிவயிற்றில் வழக்கமாகப் பிடிக்கிற வாய்வு பிடித்துக்கொண்டது, துணி மூட்டை தூக்கும்போதும் இப்படித்தான். ஆனால் சந்தோஷத்தில் அதை நான் கண்டுகொள்ளவில்லை. பசித்தது மட்டும் தெரிந்தது. கழிவறைக்குப் போகிறேன் என்று போய் ஒரே ஒரு பிஸ்கட். சரி, மூன்று.

பத்து மணிக்குத் தள்ளுகட்டில் வந்தது. தியேட்டர் வாசலில் தலைமை நர்ஸ் பொத்தானின் முதுகைத் திருப்பி முடிச்சைத் தேடினார். தேடினார். தடவிப் பார்த்தார்.

“யாரு இதைத் தைச்சது?”

பாராட்டப் போகிறார் என்று நினைத்து நான் கையைத் தூக்கினேன். “நான்தான் சிஸ்டர். கெட்டித் தையல், இரட்டை நூல். பத்து வருஷம் ஆனாலும் பிரியாது.”

“பத்து வருஷமா? எனக்குப் பத்து நொடியில பிரியணும்யா! கையில ஊசி, நெஞ்சுல ஒயரு எல்லாம் மாட்டியிருக்கும்போது ஏதாச்சும் ஒண்ணுன்னா ஒரே இழுப்புல கழட்டணும். அதுக்குத்தான் முதுகைத் திறந்து வெச்சிருக்கு. துணி பத்தாமலா இப்படி வெட்டி வெச்சிருக்கோம்?”

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. அவர் கத்தரிக்கோலை நுழைத்துப் பார்த்தார், தையல் நெருக்கத்தில் நுனி நுழையவில்லை. அந்த நேரத்திலும் எனக்குள் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது என்பதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. கடைசியில் தலைவழியே கழற்றி வேறு கவுன் மாட்டினார்கள். அத்தோடு போயிருக்கும். ஆனால் அந்தச் சமயம் பார்த்துத்தான் எதிர் வார்டுக் கதவிலிருந்து முழங்கால் பெரியவர், “தம்பி, ரொம்ப சவுகரியமா இருக்கு, முதுகுல காத்தே படலை!” என்று குரல் கொடுத்தார். தலைமை நர்ஸ் மெதுவாக, மிக மெதுவாக என் பக்கம் திரும்பினார். “இன்னும் எத்தனை பேரு?”

பொத்தானை உள்ளே கொண்டு போனார்கள். கதவு மூடும் வரைக்கும் முயலின் கையை ஆட்டி எனக்கு டாட்டா காட்டினாள். நான் அப்படியே நின்றேன். அங்கே நிற்க எனக்குக் கொடுப்பினை இல்லை. “உங்க குழந்தைக்கு ஒரு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள அஞ்சு கவுனையும் பிரிச்சுக் குடுங்க. பெரியவருக்கு அடுத்த தியேட்டர்ல இப்பவே ஆபரேஷன், அவர்லேருந்து ஆரம்பிங்க” என்று உத்தரவு. பெரியவரால் கையைத் தூக்கித் தலைவழியே கழற்ற முடியாது, தோளும் மக்கர். எனவே அவர் குப்புறப் படுத்துக்கொள்ள, நான் மேலே குனிந்து ஒவ்வொரு தையலாகப் பிரித்தேன். என் வேலையின் தரத்தை வாழ்நாளில் அன்றைக்குத்தான் சபித்தேன். ஒரு தையலுக்கு ஒரு தடவை தியேட்டர் பக்கம் திரும்பிப் பார்த்தேன். “பொண்ணை நினைச்சுப் பயப்படறீங்களா?” என்று தலையணைக்குள்ளிருந்து கேட்டார். “அதெல்லாம் இல்லீங்க” என்றேன். “அப்புறம் ஏன் என் முதுகுல தண்ணி சொட்டுது?” என்றார். வியர்வை என்று சொன்னேன். அவரும் மனசு வைத்து அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

ஒரு மணி நேரம் என்றார்களே தவிர, நாற்பது நிமிடத்தில் முடித்துவிட்டார் டாக்டர் அம்மா. நான் கடைசி கவுனோடு போராடிக்கொண்டிருந்தபோது பொத்தான் கண்ணைத் திறந்திருக்கிறாள். அம்மா இருந்தாள், முயல் இருந்தது, நான் இல்லை. நூல் துண்டுகள் ஒட்டிய சட்டையோடு மூச்சிரைக்க ஓடிப்போய் நின்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு முயலின் காதருகே குனிந்து, கம்மிய குரலில், “முயல், அவருகிட்ட சொல்லு. வலிக்குது. அப்புறம் அவரு இங்க இல்லை. அப்புறம் அவரு மீசையில பிஸ்கட் இருக்கு” என்றாள்.

அக்கா, தலைமை நர்ஸ் திட்டியதெல்லாம் ஒன்றுமில்லை. மூன்று வாக்கு, மூன்றும் பொய், சாட்சி சொன்னது நான் தைத்த முயல்.

அதற்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தை இல்லை, எல்லாம் முயல் வழியாகத்தான். சாயங்காலத்துக்குள் எழுந்து வராந்தா முனை வரைக்கும் நடந்து, ஒன்றுக்கும் போனால்தான் வீட்டுக்கு அனுப்புவோம் என்றார்கள். பொத்தான் அசையவில்லை. அம்மா கெஞ்சினாள். நர்ஸ் பலூன் காட்டினார். இன்னொரு நர்ஸ், “எழுந்திரு கண்ணு, வலிக்கவே வலிக்காது” என்றார். அவ்வளவுதான், போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டாள். உன் தம்பி அப்போதுதான் வாழ்க்கையில் முதல்முறையாகக் கொஞ்சம் யோசித்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, போர்வையிடம் பேசினேன்.

“முயல், பொத்தான்கிட்ட சொல்லு. வலிக்கும். எழுந்திருக்கும்போதுதான் ரொம்ப. நடக்கும்போதும் இருக்கும், எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொன்னது தப்பு. கூடவே நடக்கறேன். ஊசியைக்கூட அம்மாகிட்ட குடுத்துட்டேன்.”

போர்வைக்குள் ஆலோசனை நடந்தது. பிறகு ஒரு கண் வெளியே வந்தது. “முயல் கேக்குது, நிஜமா வலிக்குமா?”

“நிஜமா வலிக்கும்.”

“சரி” என்று காலைக் கீழே தொங்கப்போட்டாள்!

எழுந்தாள், முகம் சுருங்கியது, அழவில்லை. அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டு கிழவி மாதிரி கூன்போட்டு ஓர் அடி வைத்தாள். நானும் அதே மாதிரி கையை வைத்துக்கொண்டு கூன்போட்டு ஓர் அடி வைத்தேன். அவள் நின்றால் நின்றேன், முனகினால் முனகினேன். வராந்தா முழுக்க வேடிக்கை பார்த்தது. பாதி வழியில் என்னைத் திரும்பிப் பார்த்தவள் களுக்கென்று சிரித்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “சிரிக்க வைக்காதே அப்பா, வலிக்குது!” என்று கத்தினாள். என்னிடம்! நேராக! முயல் இடையில் இல்லை! அந்தத் திட்டு மாதிரி ஒரு இனிப்பை நான் இதுவரை தின்றதில்லை. ஒன்றுக்கும் போனாள். நடுவில் எதிரே வந்த டாக்டர் அம்மா பொத்தானை விட்டுவிட்டு என்னை உற்றுப் பார்த்து ஏதோ கேட்டார், அது ஒன்றும் முக்கியமில்லை.

ஆக, இங்கே எல்லாம் என் கட்டுப்பாட்டில் இருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை, நானும் பயப்படவில்லை. நீ அவ்வளவு தூரம் பஸ்ஸில் குலுங்கி வந்து, என் அலமாரியை ஒழுங்குபண்ணி, என் கத்தரிக்கோலால் கீரை நறுக்கி, வாடிக்கையாளர்களிடம் நான் டாக்டரைக் கடித்த கதையைச் சொல்லி, வீணாகச் சிரமப்பட வேண்டாம். அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி. பக்கத்து வீட்டில் என்னை விசாரிப்பவர் யாராவது இருந்தால் அவருக்கும் என் அன்பு. நீ எப்போதும் போல ஆரோக்கியத்தோடும் அதிகாரத்தோடும் நீடூழி இருக்க வேண்டும் என்று வேண்டும்,

உன் பாசமுள்ள, தைரியசாலியான
தம்பி

பின்குறிப்பு: அக்கா, உடனே கிளம்பி வா. பெட்டியைப் பிரித்திருந்தால் மறுபடி கட்டு. டாக்டர் அம்மா கேட்டது, “நீங்க எதுக்கு இப்படிப் பிடிச்சுக்கிட்டு நடக்கறீங்க?” என்று. நடிப்பு என்றேன். “நடிப்பு இவ்வளவு நல்லா வராதே. எங்கே, ஒரு தடவை இருமுங்க” என்றார். இருமினேன். நான் இத்தனை நாள் வாய்வு என்று நினைத்தது வாய்வு இல்லையாம், அதே குடலிறக்கம். அடுத்த செவ்வாய் எனக்கு ஆபரேஷன், அதே தியேட்டர், அதே கரைகிற நூல், அதே தலைமை நர்ஸ். எனக்கென்று முதுகு திறந்த கவுன் ஒன்றை இப்போதே எடுத்து வைத்துவிட்டாராம். வந்து என் காலைப் பிடித்துக்கொள். வலிக்காது என்று மட்டும் சொல்லாதே. நேற்று பொத்தானிடம், எனக்கு வலிக்குமா என்று கேட்டேன். “வலிக்கும் அப்பா” என்றாள், கையைத் தடவிக்கொடுத்து. “நீ கண்ணைத் திறக்கும்போது நான் இருப்பேன். ஆனா நீ சாப்பிடாம இருக்கும்போது நான் பிஸ்கட் சாப்பிடுவேன். பொய் சொல்ல மாட்டேன்.”