ஒயர் அண்ணனின் காப்புக் கயிறு

ஈப்போவில் யாருடைய மூச்சு எந்த வழியாகப் போகவேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஒரே ஒருவரிடம்தான் உண்டு. அவர் டாக்டர் அல்ல, யோகா மாஸ்டரும் அல்ல. குனோங் ராபாட்டில் வீடுகளுக்கு ஒயரிங் செய்கிறவர். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். எங்களுக்கு அவர் ஒயர் அண்ணே.

வாரநாட்களில் சுவருக்குள் ஒயர் இழுப்பார். ஞாயிற்றுக்கிழமை முதுகில் காற்றுத் தொட்டியைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் குதிப்பார். என் வீட்டு மின்விசிறியைப் பழுதுபார்க்க வந்தவர், ஏணியில் நின்றபடியே என் வயிற்றை ஆராய்ந்து, "தம்பி, நீ நல்லா மெதப்ப. தண்ணிக்குள்ள வாரியா?" என்றார். ஐம்பதை நெருங்கும் வயதில் என் உடம்பைப் பற்றி யாரும் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. போய்விட்டேன்.

போன பிறகுதான் தெரிந்தது, அவருடைய மதத்துக்கு ஒரே ஒரு வேதவாக்கியம்தான். தொட்டியிலிருந்து வரும் மூச்சு ஹோஸ் வலது இடுப்பைத் தொட்டு, நெஞ்சைக் குறுக்காகக் கடந்து, கழுத்தைச் சுற்றி வாய்க்கு வரும். விளக்கின் பேட்டரியும் அதே வலது இடுப்பில்தான். அதன் ஒயரும் அதே நெஞ்சில் ஏறி, இடது கையில் மாட்டியிருக்கும் விளக்குக்குப் போகும். ஒரே பாதையில் இரண்டு பயணிகள். யார் மேலே, யார் கீழே?

"ஹோஸ் மேல, ஒயரு கீழ. எப்பவும்!"

"மாத்திப் போட்டா என்னாண்ணே?"

"சலா லா தம்பி, பெரிய தப்பு! பக்கத்துல ஒருத்தனுக்குக் காத்து தீந்துபோச்சுன்னு வை. உன் வாயில உள்ளத எடுத்து அவனுக்குக் குடுக்கணும். உனக்குத்தான் கழுத்துல இன்னொண்ணு தொங்குதே. ஒயரு மேல கெடந்தா ஹோஸு வருமா? மாட்டிக்கும். அவன் நேரா பரலோகம்."

இதை அவர் பாடத்தோடு விட்டிருக்கலாம். கரையிலும் ஒத்திகை நடத்தினார். கையைக் கத்திபோல் கழுத்துக்குக் குறுக்கே இழுத்தால் 'காற்று இல்லை' என்று அர்த்தம். பார்த்த கணமே வாயில் இருப்பதை நீட்டிவிட வேண்டும். ரொட்டி சானாய் கடையில் ஒருநாள் திடீரென்று கழுத்தை அறுத்துக் காட்டினார். என் வாயில் பாதி வடை இருந்தது. பயிற்சி பயிற்சிதானே, நீட்டினேன். அவர் அதை வாங்கி, கோணத்தைப் பரிசோதித்து, "கொஞ்சம் லேட்டு" என்று திருப்பிக் கொடுத்தார். பக்கத்து மேசைச் சீனக் கிழவர் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் பார்த்துப் போனார்.

செமோரில் ஒரு கல்யாணம். மணமேடை அருகே நாதஸ்வரக்காரரின் மைக் ஒயர் அவர் கைக்கு மேலாகத் தொங்குவதைக் கண்டார் ஒயர் அண்ணே. அவரால் சாப்பாட்டுப் பந்தியைக்கூடத் தள்ளிப்போட முடியும், இதை முடியாது. மேடை ஏறி ஒயரை உருவி, கைக்குக் கீழாக விட்டு, மீண்டும் செருகினார். அந்த இடைவெளியில் தாலி கட்டி முடிந்திருந்தது. "மைக்க யாரு புடுங்கினது?" என்று பெண்ணின் தகப்பனார் கேட்டபோது, "இப்ப சரியா இருக்குண்ணே" என்று பெருமையோடு பதில் சொன்னவர் இவர்தான்.

அப்படிப்பட்டவரைக் கவிழ்த்தது ஆயுத பூஜை.

டெஸ்டர், டிரில், ஏணி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவர், தண்ணீர்ச் சாமான்களையும் விடவில்லை. புது மோட்டார் சைக்கிளுக்குச் செய்வதுபோல் மஞ்சள் கயிறு எடுத்து, ஹோஸும் ஒயரும் சேர்ந்து போகும் இடத்தில் சுற்றிச் சுற்றி இறுக்கிக் காப்புக் கட்டிவிட்டார். ஹோஸ் மேலே, ஒயர் கீழே. சாஸ்திரம் தவறவில்லை.

அடுத்த ஞாயிறு செமோர்ப் பக்கம் ஒரு பழைய ஈயச் சுரங்கக் குளத்தில் நானும் அவரும் இறங்கினோம். இறங்கும்முன் என்னை முன்னும் பின்னும் சோதித்தார். பதிலுக்கு நான் அவரைச் சோதிக்க வேண்டும். மஞ்சள் கயிற்றில் விரல் வைத்தேன்.

"தொடாத, சாமி கயிறு லா."

குளத்தின் அடியில் நீர் கொழுந்துத் தேநீர் நிறத்தில் இருந்தது. திடீரென்று என் வாயில் இருந்த வாடகை ரெகுலேட்டர் பைத்தியம் பிடித்ததுபோல் காற்றைக் கொட்ட ஆரம்பித்தது. முகமெல்லாம் குமிழி. தட்டிப் பார்த்தேன், திருகிப் பார்த்தேன். கடைசிக் குமிழியும் போய், தொட்டியே காலி; கழுத்தில் தொங்கியதை உறிஞ்சினாலும் ஒன்றும் வரவில்லை. கழுத்தில் கையை இழுத்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக நிஜமாக.

கண்ணிமைக்கும் நேரத்தில் அவர் வாயிலிருந்து என் வாய்க்கு வந்தது ஹோஸ். ஒரு முழம் வந்து நின்றுவிட்டது. சாமி கயிறு பிடித்துக்கொண்டது. நான் மூச்சுக்காக இழுக்க, ஒயரோடு அவர் இடது கையும் என் பக்கம் வந்தது. மணவறையில் முடிச்சுப் போட்ட ஜோடிபோல் நெற்றியோடு நெற்றி முட்டி நின்றோம். இப்படி மேலே நீந்த முடியாது. ஒரு உதை தவறினால் ஹோஸ் என் வாயிலிருந்து பிடுங்கிக்கொள்ளும்.

கழுத்தில் தொங்கியதைக் கவ்விக்கொண்டு அவர் கத்தியை உருவினார். கயிற்றை அறுப்பார் என்று நினைத்தேன். கயிறு ஹோஸில் இறுகிக் கிடந்தது. என் கைவிளக்கு வெளிச்சத்தில் அவர் கண்கள் கயிற்றைப் பார்த்தன, ஹோஸைப் பார்த்தன, என்னைப் பார்த்தன. பிறகு கத்தி, கயிற்றுக்குக் கீழே பேட்டரிப் பக்கம், ஒயருக்குப் போனது. தானே பற்றவைத்து, தானே உறை போட்டு, மனைவியைக்கூடத் தொடவிடாத விளக்கின் ஒயர். ஒரே இழுப்பு. அவர் விளக்கு அணைந்தது. அதைக் கையிலிருந்து கழற்றி விட்டார். ஹோஸ் தாராளமாக என் பக்கம் நீண்டது, நுனி அறுந்த ஒயரோடும் செத்த விளக்கோடும். என் தோளைப் பிடித்துக்கொண்டு, அவசரமில்லாமல், மூச்சு மூச்சாக மேலே கொண்டுவந்தார்.

கரையில் நான் தவளைபோல் கிடந்தேன்.

"கயித்த அறுத்திருக்கலாமேண்ணே. விளக்கு..."

"கத்தி ஹோஸுல பட்டுருந்தா? அது உன் மூச்சு லா, தம்பி. ஒயரு நான் ஒட்டிக்குவேன்." அந்த மஞ்சள் கயிற்றில் விரல் வைத்தார். "காப்புக் கட்டுனது நான்தான். சலா என்னுது."

இப்போது இறங்கும்முன் அவரே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு என் முன்னால் நிற்கிறார். "பாரு தம்பி, எல்லாம் ஓகேவா?" நான் இடுப்பில் தொடங்கி, நெஞ்சு வழியாக, கழுத்தைச் சுற்றி, அந்த ஹோஸ் முழுவதும் விரலை ஓட்டிப் பார்க்கிறேன். முதல் தடவையிலேயே சரியாகத்தான் இருக்கும். இருந்தாலும் இன்னொரு தடவை ஓட்டிப் பார்ப்பேன்.