நான் முன்னமே பார்த்த ரொக்கெட் படம்

எங்கள் மட்டக்களப்புப் பகுதியில் மணமான பின் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். ஆகவே, பெண்ணைப் பெற்றவன் முதற்சந்திப்பிலேயே தன் அறிவை நிலைநாட்டிவிட வேண்டும். பிந்தினால் பிறகு ஒருபோதும் இயலாது. இது என் அசைக்க முடியாத கொள்கை. இதனை நான் ஒரேயொரு தடவைதான் செயற்படுத்தினேன். (அந்த ஒன்றே போதும் என்று வீட்டில் தீர்மானித்துவிட்டார்கள்.)

என் மகள் நிலானிக்குச் செங்கலடியிலிருந்து ஒரு சம்பந்தம் பேசி வந்தது. மாப்பிள்ளை சுதர்சன், பொறியியலாளர், தந்தையை இழந்தவர். இருவருக்கும் ஒருவரையொருவர் பிடித்திருந்தது. எஞ்சியிருந்தது அவருடைய தாயாரின் சம்மதம் மட்டுமே. அந்த அம்மையார் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். நானோ ஓய்வுபெற்ற உப அதிபர். (இந்த ஒரு படி வித்தியாசம் அன்று காலையிலிருந்தே என்னை உறுத்திக்கொண்டிருந்தது.)

ஒரு ஞாயிறு பிற்பகல் தாயும் மகனும் தேற்றாத்தீவிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சுதர்சன் பழங்களோடு ஒரு புளூ-ரே இறுவட்டையும், அதை இயக்கும் கருவியையும் கொண்டுவந்து எங்கள் தொலைக்காட்சியில் பொருத்தினார். இறுவட்டின் உறையிலே கத்தரிக்காய் வடிவில் ஒரு ரொக்கெட். அதன் உடம்பெல்லாம் ஆணி. பக்கத்தில், நெற்பெட்டகத்துக்குக் கைகால் முளைத்தாற்போல ஓர் இயந்திர மனிதன்.

"மாமா, உங்களுக்கு விஞ்ஞானக் கதையெல்லாம் விருப்பம் எண்டு நிலானி சொன்னா. இந்தப் படம்…"

"தெரியும் தம்பி," என்று இடைமறித்தேன். "இத நான் கொழும்பில படிக்கிற காலத்திலேயே பாத்திட்டன். எங்கட அதிபர்தான் கூட்டிட்டுப் போன."

சுதர்சன் உறையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் உறையைப் பார்த்தார். நல்ல வளர்ப்பு, இறுவட்டைக் கருவிக்குள் இட்டார்.

படம் தொடங்கியது. "கவனியுங்க, இப்ப ஒரு மீசைக்காரன் வருவான். அவன்தான் துரோகி," என்றேன். வந்தான், துரோகியாகவும் இருந்தான். (இத்தகைய படங்களில் மீசைக்காரன் வேறென்ன செய்வான்?) அம்மையாரின் புருவம் உயர்ந்தது. அந்தப் புருவம் தந்த தெம்பில், இயந்திர மனிதன் எரிமலையில் விழுந்து உயிர்விடுவான் என்று குரல் தழுதழுக்க அறிவித்தேன். அவனோ கடைசிவரை உயிரோடிருந்து, கதாநாயகியின் தங்கைக்கு நடனம் பழக்கினான்.

"சாகல்லயே, மாஸ்டர்?" என்றார் அம்மையார்.

"கொழும்பில காட்டினது வேற பிரதி."

படம் முடிந்ததும் எழுந்து நின்று முடிவுரை வழங்கினேன். "பாத்தீங்களா? கொம்பியூட்டர் இல்லாத காலம்! ஒவ்வொரு ஆணியும் என்ன துலக்கம்! இப்பத்தைய பொடியன்மாரால ஏலுமா?"

அவ்வேளை, படம் உருவான விதத்தைக் காட்டும் பகுதியொன்று இறுவட்டில் இருப்பதாகத் திரையில் தெரிந்தது. சுதர்சன் விரைந்து கருவியை அணைக்கப் போனார்.

"விடுங்க தம்பி. போடுங்க. அந்தக் கால மேதைகள அம்மாவும் பாக்கட்டும்."

"வேணாம் மாமா. தேத்தண்ணி குடிப்பம்."

"போடுங்க!" (பாடசாலை மைதானத்தின் மறுகோடி வரை கேட்ட குரல் அது.)

போட்டார். முழங்கால் கிழிந்த காற்சட்டையும் காதிலே கடுக்கனுமாக ஓர் இளைஞன் தோன்றினான். அவன்தான் நெறியாளனாம், சுதர்சனிலும் இளையவன். பின்னால் ஒரு பச்சைத் துணி. அதன் முன்னே ரொக்கெட்டும் இல்லை, எரிமலையும் இல்லை. வெறுங்கதிரையில் கதாநாயகன் தானாகக் குலுங்கிக்கொண்டிருந்தான். மிகுதியெல்லாம் கணினியில் வரைந்ததாம்; பழைய படம்போலத் தோன்றுவதற்காக மிகவும் பாடுபட்டார்களாம். புளூ-ரேயின் துலக்கத்தில் ஒரு குறையும் இல்லை: அந்த இளைஞனின் கைத்தொலைபேசியிலிருந்த கீறல்கூடத் தெரிந்தது.

தேநீர்த் தட்டோடு வந்த என் மனைவி கமலம் திரையின் முன் அப்படியே நின்றுவிட்டார்.

"இந்தப் பொடியனோடயா நீங்க கொழும்பில படிச்ச?"

எவரும் சிரிக்கவில்லை. அம்மையார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவோரம் நின்ற நிலானியின் கண்கள் கலங்கியிருந்தன. சம்பந்தம் போயிற்று என்று அவள் எண்ணினாள்; நானும் அவ்வாறே எண்ணினேன். அப்போதும் என் முதுகு வளையவில்லை.

"மாஸ்டர், உண்மையச் சொல்றன்," என்றார் அம்மையார். "உப அதிபர்ர வீடு எண்டதும் எனக்குப் பயம். என்ட மகன் வாயில்லாப் பிள்ளை. கண்டிப்பான மாமாவோட எப்படிச் சீவிக்கப் போறானோ எண்டு நித்திரையே இல்ல. இப்ப அந்தப் பயம் போயிட்டு."

அதன் பின்தான் சிரித்தார். தொடங்கிய சிரிப்பை அவரால் நிறுத்த முடியவில்லை. கமலம் தண்ணீர் கொடுக்க நேர்ந்தது.

"மறுகா என்ன, கலியாணத்த ஆவணியில வைப்பமா?" என்றார், தண்ணீரைக் குடித்துவிட்டு.

ஆக, அத்திருமணத்தை முடித்துவைத்தவன் நானே. தரகரின் நாவாலும் சாதகப் பொருத்தத்தாலும் இயலாததை என் ஒரேயொரு கூற்றுச் சாதித்தது. இதை இவ்வீட்டில் எவரும் ஒப்புக்கொள்வதில்லை; வரலாறு ஒப்புக்கொள்ளும்.

சுதர்சன் இப்போது எங்களோடுதான் வசிக்கிறார். எந்தப் படத்தைப் போட்டாலும், அது நேற்று வெளியானதே ஆயினும், ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு மிகுந்த மரியாதையுடன் என்னிடம் திரும்புவார்.

"மாமா, இது பாத்ததா, பாக்காததா?"

வீடு முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மீண்டும் அணிந்துகொள்வேன்.

"பாத்ததுதான். முடிவு மட்டும் ஞாபகமில்ல. போடுங்க."